அம்பாசடர் ஹெட்டில் போர்ட் மேட்சிங்: கிரைண்டரை எடுப்பதற்கு முன்

தங்கள் தந்தையார் ஓட்டிய 1964 மாடல் அம்பாசடரின் எஞ்சினை முழுவதுமாகப் பிரித்திருக்கிறீர்கள். பிளாக் போரிங்கிற்குப் போயிருக்கிறது, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் மேசை மேல் இருக்கிறது. பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளேயும் புகையை வெளியேயும் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டுக்கு வாங்கிய புதுப் பேக்கிங்கை (கேஸ்கெட்டை) ஹெட்டின் மேல் வைத்துப் பார்த்தபோது, பேக்கிங்கின் துளை, ஹெட்டுக்குள் இருக்கும் வழியான போர்ட்டின் வாயைவிடச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருக்கிறது. பேக்கிங் அளவுக்குப் போர்ட்டுகளைக் குடைந்து, உள்ளே கண்ணாடிபோலப் பாலிஷ் போட்டுவிட்டால் பத்துக் குதிரைத்திறன் கூடும் என்று மெக்கானிக் சொல்கிறார்; செய்யலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஹெட்டின் வாயும் மேனிஃபோல்டின் வாயும் ஒன்றுக்கொன்று நேராக அமைய வேண்டுமா என்பது ஒன்று; போர்ட் மேட்சிங் என்பது உண்மையில் இதுதான். போர்ட்டைப் பெரிதாக்க வேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில் ஆம்; இரண்டாவதற்கு, உங்கள் எஞ்சினைப் பொறுத்தவரை, வேண்டாம். போர்ட் மேட்சிங் என்ற பெயரில் நம் ஊர்ப் பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் எஞ்சின் ரீகண்டிஷனிங் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பந்தய எஞ்சின்கள் என் அனுபவத்தில் இல்லை. என் கைவழியே போனவை அன்றாடம் ஓடும் அம்பாசடர், ஃபியட், ஜீப் எஞ்சின்கள். பட்டறையில் எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ இருந்ததில்லை என்பதால், இந்த ஒரு வேலையால் இத்தனை குதிரைத்திறன் கூடியது என்று எண் சொல்ல என்னால் முடியாது. ஆனால் எது கெடுக்கும் என்பதைக் கெட்டுப்போன ஹெட்டுகளைப் பார்த்துக் கற்றிருக்கிறேன். அவற்றில் ஒன்று நானே கெடுத்தது.

உங்கள் எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை. சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ., கொள்ளளவு 1489 சிசி. இதன் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்லெட் (கலவை உள்ளே வரும்) போர்ட், நான்கு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) போர்ட் என்று கிடையாது. இன்லெட் வாய்கள் இரண்டே: ஒன்று முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு, மற்றொன்று பின் இரண்டுக்கு. எக்ஸாஸ்ட் வாய்கள் மூன்று; நடுவில் உள்ளதை இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஐந்து வாய்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைந்திருக்கின்றன. வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ்ராடுகளும் அதே பக்கமாகத்தான் மேலேறுகின்றன. வார்ப்பில் இடம் நெருக்கடியானதற்கும், போர்ட்டின் சுவர் சில இடங்களில் மெலிந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

காற்றின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. ஆகவே இரண்டாவது சிலிண்டர் உறிஞ்சி முடிக்கும் தறுவாயில், அதே வாயிலிருந்து முதல் சிலிண்டர் உறிஞ்சத் தொடங்குகிறது. அதன் பிறகு அந்த வாய் அரைச் சுற்றுக்கு மேல் ஓய்ந்திருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் மறுபக்கத்து வாயில் இதேபோல நடந்துகொள்கின்றன. ஒரே சொம்பிலிருந்து இருவர் அடுத்தடுத்து வாய்வைத்துக் குடிப்பது போன்ற இந்த ஏற்பாட்டில், கலவை நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் போய்ச் சேர்வதில்லை. இது பிறவிக் குணம். எந்தக் குடைச்சலாலும் மாறாது. நம்மால் செய்யக்கூடியது, முன் வாயும் பின் வாயும் தமக்குள் ஒன்றுபோல் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான். ஒன்று நேராகவும் மற்றொன்று இரண்டு மில்லிமீட்டர் விலகியும் இருந்தால், ஒரு கார்புரேட்டரை வைத்துக்கொண்டு முன்னிரண்டு சிலிண்டரையும் பின்னிரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது. ஏறி இறங்காமல் சீராக ஓடும் ஐடிலிங் வேண்டுமென்றால் போர்ட்டின் பரப்பளவைவிட இந்தச் சமநிலைதான் முக்கியம்.

இனி, பேக்கிங் அளவுக்குக் குடைவது ஏன் தவறு என்பது. பேக்கிங் செய்கிறவர்கள் அதன் துளையைப் போர்ட்டைவிடப் பெரிதாக வைப்பது வேண்டுமென்றேதான். பொருத்தும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் அதன் விளிம்பு காற்று வழியில் நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்பதற்காக. ஒரே பேக்கிங் பல மாடல் எஞ்சின்களுக்குப் பொருந்தும்படி செய்யப்படுவதும் உண்டு. ஆகவே அந்தத் துளை ஒரு பாதுகாப்பு இடைவெளி. எஞ்சினை வடிவமைத்தவர் குறித்துவைத்த அளவு அல்ல. கணக்குக்காக 36 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்ட வாயை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் குடைந்தால் விட்டம் 38 மி.மீ. ஆகிறது, பரப்பு சுமார் 11 சதவீதம் கூடுகிறது, அதே அளவு காற்று அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு வேகம் குறைந்து செல்கிறது. ஓர் அங்குலம் உள்ளே போனதும் போர்ட் பழைய அளவுக்கே சுருங்குகிறது. இப்படி நடுவில் ஒரு குடுவை உண்டாகி, காற்று விரிந்து, வேகம் இழந்து, மறுபடி நெருக்கப்படுகிறது. ஈரமாக மிதந்துவரும் பெட்ரோல் துளிகள் வேகம் குறைந்த இடத்தில் சுவரில் படிகின்றன. நகரத்துக்குள் மூன்றாவது கியரில் மெதுவாகப் போய், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு கணம் திக்கித் திணறும் அம்பாசடர்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தபோது நான் கண்டது இந்தக் குடுவையைத்தான்.

பத்துக் குதிரைத்திறன் என்ற வாக்குறுதியையும் இங்கேயே பார்த்துவிடலாம். உங்கள் எஞ்சின் புதிதாக இருந்தபோதே ஏறத்தாழ 50 குதிரைத்திறன்தான் தந்தது. இதே 1489 சிசி பி-சீரிஸ், 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் 68 குதிரைத்திறனும் பின்னர் 72-ம் தந்தது உண்மை. ஆனால் அங்கே இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் இருந்தது, உச்சத் திறன் நிமிடத்துக்கு 5500 சுழற்சியில் கிடைத்தது. உங்கள் காரில் அது 4200-ஐ ஒட்டியே முடிந்துவிடுகிறது. போர்ட்டின் வாயை மட்டும் தொட்டுவிட்டு ஐந்தில் ஒரு பங்கு திறனைக் கூட்டிவிடலாம் என்பது நடக்கிற காரியமல்ல. இவ்வகை ஹெட்டில் காற்றை உண்மையாக நெருக்குவது வால்வு வந்து உட்காரும் விளிம்பான வால்வு சீட்டும், அதற்குக் கீழே போர்ட் வளைந்து திரும்பும் இடமும்தான். மேனிஃபோல்டு சேரும் முகப்பு அல்ல.

விளிம்புகள் விலகியிருப்பதில் நல்ல விலகல், கெட்ட விலகல் என்று இரண்டு உண்டு. ஓடிவரும் காற்றின் முகத்தில் படி போல ஒரு விளிம்பு நின்றால் அது கெட்டது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காற்று சிறிய வாயிலிருந்து சற்றே பெரிய வாய்க்குள் இறங்கினால் அதனால் பாதகம் மிகக் குறைவு. ஆகவே இன்லெட் பக்கத்தில் மேனிஃபோல்டு வாய் ஹெட்டின் வாயைவிட அரை மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஓட்டம் திசை மாறுவதால், ஹெட்டின் வாய் சிறிதாகவும் மேனிஃபோல்டின் வாய் பெரிதாகவும் இருப்பதே சரி. இத்தகைய படிகள் திரும்பிவரும் அழுத்த அலையைத் தடுத்து, குறைந்த சுழற்சியில் இழுவையைக் கூட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. மென்மையான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள உங்கள் எஞ்சினில் அது உணரும் அளவுக்கு இருக்குமா என்பது ஐயத்துக்குரியது. அதை நம்பி எதையும் வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட்டை ஹெட்டில் குடைவதால் லாபம் ஏதும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் மேனிஃபோல்டில் வெட்டுங்கள். மேனிஃபோல்டு கெட்டால் பழைய இரும்புக் கடையில் இன்னொன்று கிடைக்கும்; விரிசல் இல்லாத ஹெட் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் முகப்புகள் சமமாக இருக்க வேண்டும். இந்த எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சில ஸ்டட்களை, அதாவது ஹெட்டில் நிற்கும் மரையாணிகளை, பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே தடித்த வாஷர் பாதி இதன் காதிலும் பாதி அதன் காதிலும் உட்கார்ந்து இரண்டையும் அழுத்துகிறது. இரண்டு காதுகளின் கனமும் ஒன்றாக இல்லாவிட்டால் வாஷர் சாய்ந்து, மெலிந்த பக்கம் இறுகாமல் காற்றை இழுக்கும். கோணிப்போன எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் ஃபேசிங் (முகப்பைச் சமமாக வெட்டுவது) போட்டுவிட்டு இன்லெட்டை விட்டுவிட்டால் நேர்வது இதுதான். அதற்குப் பிறகு போர்ட் எவ்வளவு நேராக இருந்தாலும் பயனில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே செட்டிங்கில் ஃபேசிங் போடச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேர்விளிம்புக் கட்டை) ஃபீலர் கேஜும் (இடுக்கை அளக்கும் தகடு) வைத்து நீங்களே ஒருமுறை பாருங்கள்.

அடுத்து, இரண்டு வாய்களும் எப்படிச் சேருகின்றன என்பதைக் கண்ணால் காண்பதற்கு நான் பழகிய முறை ஒன்றைச் சொல்கிறேன். மெல்லிய வெள்ளைத் தாளை, கல்யாணப் பத்திரிகைக்குள் வைப்பார்களே அந்த அளவு மெல்லியதாக, மேனிஃபோல்டின் நீளத்துக்கு வெட்டி, ஸ்டட்களுக்கு மட்டும் துளையிட்டுக்கொள்ளுங்கள். போர்ட்டுகளுக்குத் துளை வேண்டாம். ஹெட்டின் முகப்பில் மார்க்கிங் நீலத்தையும், மேனிஃபோல்டின் முகப்பில் ஏதாவது சிவப்பு மையையும் விரலால் மிக லேசாகத் தடவுங்கள். தாளை ஸ்டட்களில் கோத்து, மேனிஃபோல்டை ஏற்றி, நட்டுகளைக் கைக்கு இறுகும் அளவுக்கு முடுக்கிக் கழற்றுங்கள். தாளின் ஒரு பக்கம் ஹெட்டின் வாய்கள் நீலத்துக்கு நடுவே வெள்ளையாகவும், மறுபக்கம் மேனிஃபோல்டின் வாய்கள் சிவப்புக்கு நடுவே வெள்ளையாகவும் பதிந்திருக்கும். தாளை வெயிலுக்கு நேரே பிடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வெள்ளைக்கும் நீலமும் சிவப்பும் கலந்த கருநிறத்துக்கும் இடையே, தனி நீலமாகத் தெரிகிற பிறை வடிவந்தான் ஹெட் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இடம். தனிச் சிவப்புப் பிறை மேனிஃபோல்டு நீட்டிக்கொண்டிருக்கும் இடம். இன்லெட்டில் நீலப் பிறையையும், எக்ஸாஸ்ட்டில் சிவப்புப் பிறையையும் பார்த்துக் கவலைப்பட்டால் போதும்.

இதை ஒருமுறை செய்து நிறுத்திவிடாமல் மூன்று தாள்களில் மூன்று முறை எடுங்கள். மேனிஃபோல்டின் துளைகள் ஸ்டட்களைவிடத் தாராளமானவை. பழைய மேனிஃபோல்டில் அவை இன்னும் தேய்ந்திருக்கும். மூன்று தாள்களிலும் பிறை மூன்று விதமாக விழுந்தால், உங்கள் பிரச்சினை போர்ட்டின் அளவே அல்ல, மேனிஃபோல்டு ஓரிடத்தில் நிற்காததுதான். அந்த நிலையில் எந்தத் தாளைப் பார்த்து வெட்டினாலும், அடுத்த முறை கழற்றி மாட்டும்போது அது பொய்யாகிவிடும். இரண்டு கோடிகளிலும் உள்ள ஸ்டட்களில் மெல்லிய பித்தளைப் புஷ் போட்டோ, முகப்பில் இரண்டு டவல் பின் (இடத்தில் நிறுத்தும் சிறு முளை) அடித்தோ அதை ஓரிடத்தில் நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சூட்டில் நீளும் என்பதால் அதன் துளைகளை இறுக்கிவிடக் கூடாது. இந்த ஏற்பாடு இன்லெட்டுக்கு மட்டும். என்னிடம் வந்த எஞ்சின்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இப்படி நிறுத்திய பிறகு வெட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பேக்கிங் எங்காவது உள்ளே எட்டிப்பார்த்தால் அதைக் கத்தியால் செதுக்கினேன், அவ்வளவுதான். பேக்கிங் காற்று வழியில் நீட்டிக்கொண்டிருப்பது எல்லாவற்றிலும் மோசமானது; அதைச் சரிசெய்யக் காசும் செலவில்லை.

இதே தாள் வேலையைக் கார்புரேட்டர் உட்காரும் முகப்பிலும் செய்யுங்கள். ஹெட்டைப் பற்றி இரவெல்லாம் யோசிப்பவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பம் தடுக்கும் கட்டையும், அதன் இருபுறப் பேக்கிங்குகளும் பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததை வெட்டிப் போட்டவையாக இருக்கும். நான்கு சிலிண்டருக்கும் போகும் காற்று முழுவதும் அந்த ஒரே துளை வழியாகத்தான் போகிறது. அங்கே இரண்டு மில்லிமீட்டர் படி இருந்தால், கீழே செய்த நேர்த்தியெல்லாம் வீண்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்லெட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீலப் பிறை மிஞ்சினால், அந்த விளிம்பை மட்டும், அந்தப் பிறையின் அளவுக்கு மட்டும் எடுக்கலாம். அரை மில்லிமீட்டருக்குக் குறைந்ததை நான் தொடுவதில்லை. வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு டை கிரைண்டரில் கார்பைடு பர் (சுழன்று வெட்டும் முனை) போதும். மேனிஃபோல்டு அலுமினியமாக இருந்தால் அதற்கென்று உள்ள அகலப் பல் பர் வேண்டும். இரும்புக்கான பர்ரில் அலுமினியம் ஒட்டி அடைத்துக்கொள்ளும், மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுச் செய்தால் ஒட்டுவது குறையும். வெட்டிய இடத்தை அப்படியே விடாமல், பதினைந்து இருபது மில்லிமீட்டர் உள்ளே வரை சரிவாக இழைத்துவிடுங்கள். விரலை விட்டுத் தடவினால் எங்கே தொடங்கியது என்று தெரியக்கூடாது. பாலிஷ் வேண்டாம். இன்லெட்டில் 80 நம்பர் எமரி விட்டுச்செல்லும் சொரசொரப்பு போதும். கண்ணாடிபோன்ற சுவரில் பெட்ரோல் வழிந்தோடுமே தவிர மறுபடி காற்றில் ஏறாது. எக்ஸாஸ்ட்டில் பாலிஷ் போட்டால் கரி ஒட்டாது என்பார்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு பிரித்துப் பார்த்தால் பாலிஷ் போட்டதும் போடாததும் ஒரே கறுப்பு.

நான் கெடுத்ததாகச் சொன்ன ஹெட்டின் கதை இதுதான். தொழிலுக்கு வந்த புதிதில், பேக்கிங்கை வைத்துக் கோடு போட்டு, அந்தக் கோடுவரை இன்லெட் வாயைப் பக்கவாட்டில் குடைந்தேன். பர்ரின் சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்றது. நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், போர்ட்டின் சுவரில் அரிசி முனை அளவு ஓட்டை. மறுபக்கம் புஷ்ராடு போகும் வழி தெரிந்தது. அந்த ஓட்டை வழியாக எஞ்சின் ஆயில் புகையை இழுக்கும், காற்றுக் கலவையும் கெடும். புஷ்ராடு வழியில் மெல்லிய குழாயை இறக்கி அடைத்து அந்த ஹெட்டை ஓட்டிவிட்டோம். அதற்கான செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. தண்ணீர் ஓடும் உள்வழியான வாட்டர் ஜாக்கெட் பக்கம் ஓட்டை விழுந்திருந்தால் அதுவும் முடிந்திருக்காது. உங்கள் ஹெட் அறுபது ஆண்டு தண்ணீர் பார்த்தது. உள்ளே துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. எனவே கிரைண்டரைத் தொடுவதற்கு முன்பே விரிசல் சோதனையும் தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்துவிடுங்கள். வெட்டும் வேலை முடிந்த பிறகு அழுத்தச் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

செலவு செய்யக் கையில் பணம் இருக்கிறதென்றால் அதை வால்வு சீட்டில் போடுங்கள். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தது. நாட்டில் அது 2000-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஹெட்டின் இரும்பிலேயே வெட்டப்பட்ட எக்ஸாஸ்ட் சீட்டுகள் ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். கடினமான சீட் இன்சர்ட் (தனி வளையம்) அடித்து, மூன்று கோணத்தில் சீட் வெட்டி, இன்சர்ட்டுக்கும் போர்ட்டுக்கும் இடையே நிற்கும் கூர்விளிம்பை மட்டும் இழைத்துவிட்டால், முகப்பில் குடைவதைக் காட்டிலும் அதிகப் பயன் கிடைக்கும். வண்டியும் நீண்டநாள் உழைக்கும்.

வெட்டினாலும் வெட்டாவிட்டாலும் ஹெட்டை வெந்நீரும் சோப்பும் போட்டு, வால்வு கைடுகளுக்குள் பிரஷ் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். வார்ப்பிரும்புத் தூள் புதிதாகப் போரிங் செய்த சிலிண்டரில் இறங்கினால் ரிங்குகள் தேய்ந்துபோகும். எஞ்சினைக் கிளப்பி நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து கோடிகளை நோக்கி மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். முதல் சூட்டில் பேக்கிங் அமர்ந்துவிடுவதால் நட்டு கொஞ்சம் ஏறக்கூடும். கார்புரேட்டர் டியூனிங்கை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தாள்களில் மை பதிந்ததும் மூன்றையும் படம் எடுத்து இங்கே போட்டால், எந்தப் பிறையை விடலாம், எதை எடுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.